சாயங்காலம் ரெடியாகிவிடும்

உ

தி.நகர், சென்னை-17
18.6.97

அன்புள்ள மாப்பிள்ளை வெங்கடேஷுக்கு, மாமா சண்முகவேல் எழுதுவது.

சிந்தாதிரிப்பேட்டைக் கடையை நேற்று கரீமுல்லாவுக்கு விற்றுவிட்டேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் சுகம் விசாரிக்க வேண்டும் என்று இருந்தேன். இங்கே எல்லாரும் சௌகரியம். உன் அம்மா தங்கபுஷ்பத்துக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. மகள் அனுப்ரியா நன்றாக இருக்கிறாள். பூனாத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா?

கடையை விற்றதற்கு யாரும் ஒப்பாரி வைக்க வேண்டாம். ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரத்தில் இனி சதை கிடையாது. புதிது புதிதாகக் கார் கம்பெனிகள் வருகின்றன. வண்டி விற்கிறவனே சாமானும் விற்பான், ரிப்பேரும் பார்ப்பான். நம்மைத் தேடி வரப்போவது பழைய அம்பாசடரும் பியட்டும்தான். அவை நிற்பதற்கு முன்னால் நான் இறங்கிக்கொண்டேன். அவ்வளவுதான்.

வந்த பணம் அப்படியே, கார் கம்பெனியின் சர்வீஸ் ஏஜென்சிக்காக, கொட்டிவாக்கத்து மனையில் இறங்குகிறது. ஷெட், வண்டியைத் தூக்கி நிறுத்துகிற லிப்ட், வண்டி கழுவுகிற மேடை, கஸ்டமர் உட்கார ஏ.சி. அறை எல்லாம் வருகிறது. போர்டில் கம்பெனி பெயர் பெரிதாக, நம் பெயர் சிறிதாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

கம்பெனியின் நிபந்தனை உனக்கே தெரியும். வண்டியை வாங்கிக்கொண்டு கஸ்டமரிடம் பேசுகிற சர்வீஸ் அட்வைசர் அவர்களுடைய பரீட்சையில் தேறியவனாக இருக்க வேண்டும். அப்படித் தேறியவர்கள் இந்த ஊரில் சொற்பம், அவர்களும் பெரிய முதலாளிகளிடம் இருக்கிறார்கள். கூடுதல் சம்பளம் காட்டி ஒருவனை இழுக்கலாம், ஆனால் அப்படி வந்தவன் அப்படியே போவான். அதனால்தான் விண்ணப்பத்தில் வீட்டு மருமகன் பெயரைக் கொடுத்து, உன்னைப் பூனாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பினேன். நவம்பர் முடிவதற்குள் உன் சர்டிபிகேட் அவர்கள் கைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் ஏஜென்சி வேறொருவனுக்கு. இரண்டாம் பேச்சு கிடையாது.

போனில் நீ "சரி மாமா" தவிர வேறு பேசுவதில்லை. எஸ்.டி.டி. மீட்டர்தான் பேசுகிறது. அதனால் எழுது. மழையில் நனைந்தால் தலையைத் துவட்டிவிட்டுப் படு.

சண்முகவேல்


பூனா
4.7.97

மரியாதைக்குரிய மாமாவுக்கு வெங்கடேஷ் வணக்கம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும். அம்மாவுக்கு முழங்காலில் வெந்நீர் ஒத்தடம் தவறாமல் நடக்க வேண்டும். எனக்கு ஒரு குறையும் இல்லை. சப்பாத்தி பழகிவிட்டது.

வகுப்பு காலையிலிருந்து மாலை வரை. கஸ்டமர் "வண்டி முனகுது" என்றால் ஜாப் கார்டில் "முனகுது" என்றே எழுத வேண்டும். பேரிங் போய்விட்டது என்று நாமே வைத்தியம் பார்க்கக் கூடாது. அவரோடு வண்டியைச் சுற்றி வந்து இருக்கிற கீறலை அவருக்கே காட்ட வேண்டும். என்ன செலவாகும், எப்போது கிடைக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

அறையில் என்னோடு இருப்பவன் அச்யுத். மயிலாப்பூர்க்காரன். அடையாற்றில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் சங்கரன் என்பவர் அனுப்பியிருக்கிறார். "என்னடா, யார் எது சொன்னாலும் தலையை ஆட்டிண்டே இருக்கே, கழுத்து சுளுக்கிக்கப் போறது" என்று என்னைக் கேலி செய்கிறான். நல்லவன்தான்.

பரீட்சை ஆகஸ்டில். எழுதுவது ஒரு பகுதி. இன்னொரு பகுதியில் கம்பெனி ஆள் ஒருவர் கஸ்டமராக வந்து எதிரே உட்காருவார். அவரிடம் பேசிக் காட்ட வேண்டும். கடையில் வளர்ந்தவனுக்குப் பேசுவது புதிதா? ஆகிவிடும் மாமா.

அனுவிடம் தனியாக எழுதுகிறேன் என்று சொல்லவும்.

தங்கள் மருமகன்
வெங்கடேஷ்


தி.நகர்
22.7.97

மாப்பிள்ளைக்கு மாமா எழுதுவது. வீட்டில் எல்லாரும் நலம். உன் அம்மாவுக்கு ஒத்தடம் நடக்கிறது. வலியும் நடக்கிறது.

ஷெட்டுக்குத் தூண் எழும்பிவிட்டது. முனியம்மாள் என்று ஒரு சித்தாள். வாய் நீளம். "இன்னா மொதலாளி, காருக்கு இம்மாம் பெரிய ஊடு கட்டறே, என் குடிசை ஒழுவிக்கினு கீது" என்கிறாள். "கார் எனக்குச் சம்பாதித்துக் கொடுக்கும், நீ கொடுப்பியா?" என்றேன். "அது பெட்ரோல் குடிக்கும், நான் டீதான் குடிப்பேன்" என்றாள். டீ வாங்கிக் கொடுத்தேன்.

நேற்று சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் போனவன் கடையில் எட்டிப் பார்த்தேன். ஒருவன் அம்பாசடர் சைலன்சர் கேட்டு வந்தான். கரீமுல்லா தலையைக்கூட நிமிர்த்தாமல் "இல்லப்பா" என்றான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"ஏன்யா, கல்லாவில் உட்கார்ந்துகொண்டு அந்த வார்த்தையைச் சொல்லலாமா? நாளைக்கு வரும்னு சொல்லேன்" என்றேன்.

"நாளைக்கும் வராது நைனா. இன்னாத்துக்கு அந்த ஆளை நடக்க வுடணும்?" என்று சிரிக்கிறான். வியாபாரம் தெரியாதவன்.

நம் வீட்டில் அரிசிப்பானை காலியானால்கூட உன் அத்தை "நிறைஞ்சிருக்கு" என்பாள். கடையிலும் அப்படித்தான் வைத்திருந்தேன். நீ பள்ளி லீவில் முதல்முறை கல்லாவுக்கு வந்தபோது சொன்னது நினைவிருக்கும்: இருக்கு, வரும், ஆகும். இதற்குள் பேசு. வந்தவன் எதிர்க்கடைக்குப் போகமாட்டான். சாமானைப் பிறகு எங்கேயாவது புரட்டிக்கொள்ளலாம். பரீட்சைக்கு வருகிற அந்த நாடகக் கஸ்டமரிடமும் இதையே செய். கை நீட்டிக் கொடுத்துவிடுவான் சர்டிபிகேட்டை.

வேளைக்குச் சாப்பிடு.

சண்முகவேல்


பூனா
30.8.97

மாமாவுக்கு வணக்கம். அத்தை, அம்மா, அனு எல்லாருடைய சுகத்துக்கும் எழுதவும். நடுவில் எனக்கு ஜலதோஷம். இப்போது தேவலை. அதனால்தான் பதில் தாமதம்.

பரீட்சை நடந்தது. எழுத்தில் எனக்கு நல்ல மார்க், வகுப்பில் இரண்டாவது. மற்றதும் நடந்தது. சில வேலைகள் பாக்கி இருப்பதால் இன்னும் கொஞ்ச நாள் இங்கே தங்கும்படி இருக்கிறது. சர்டிபிகேட் வரும் மாமா.

இங்கே மழை விடவே மாட்டேன் என்கிறது. கட்டட வேலையை அவசரப்படுத்த வேண்டாம், நிதானமாக நடக்கட்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்குத் தெரியாததில்லை.

வெங்கடேஷ்


தி.நகர்
15.9.97

மாப்பிள்ளைக்கு மாமா. ஜலதோஷம் விட்டதா? மிளகு ரசத்துக்கு அங்கே வழி இருக்காது. சுக்காவது வாங்கித் தட்டிப் போட்டுக் குடி.

எழுத்தில் இரண்டாவது என்று எழுதியிருந்தாய். உன் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். ஆனால் உன் கடிதத்தில் எனக்குப் பிடிபடாதது ஒன்று. "சில வேலைகள் பாக்கி" என்றால் என்ன வேலை? பரீட்சை முடிந்தபின் வாத்தியாருக்கு உன்னிடம் என்ன வேலை? அந்த மயிலாப்பூர்ப் பையன் ஊருக்கு வந்துவிட்டதாகக் கேள்வி. நீ மட்டும் ஏன் வரவில்லை?

போகட்டும். "வரும்" என்று எழுதியிருக்கிறாய், எனக்கு அது போதும். கோயம்புத்தூருக்கு லிப்ட் ஆர்டர் கொடுத்துவிட்டேன். பாதிப் பணம் போய்ச் சேர்ந்தது, மீதிக்குப் பாங்கில் கையெழுத்துப் போட்டாயிற்று. கார்த்திகையில் முதல் முகூர்த்தத்தில் திறப்பு. நிதானமாகக் கட்டச் சொல்கிறாய். நிதானமாகக் கட்டுகிறவன் கோயில் கட்ட வேண்டும், வியாபாரத்துக்கு வரக் கூடாது.

சர்டிபிகேட் வந்ததும் ஒரு நகல் எடுத்து உடனே அனுப்பு.

சண்முகவேல்


தி.நகர்
7.10.97

அன்புள்ள அத்தானுக்கு, அனுப்ரியா. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அத்தைக்குக் கால்வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. உங்கள் உடம்பு எப்படி என்று கேட்கவில்லை. நன்றாக இருக்கிறேன் என்றுதான் எழுதுவீர்கள்.

நேற்று அச்யுத் வீட்டுக்கு வந்திருந்தார். பூனாவில் உங்களிடம் இரவல் வாங்கிய குடையைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர், எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, "ரீடெஸ்டுக்கு நன்னா தயார் பண்ணிண்டிருக்கானா?" என்றார். அப்பா கொட்டிவாக்கம் போயிருந்தார். உட்காரவைத்துக் கேட்டேன்.

"எல்லாம் ஒழுங்காத்தான் பண்ணினான். கார்டு எழுதினது கண்ணுல ஒத்திக்கலாம். கடைசில அந்த மனுஷர், 'சாயங்காலம் பெண்ணை ஏர்போர்ட்ல விடணும், வண்டி கிடைச்சுடுமா?'ன்னார். கிளட்ச் பிளேட் ஸ்டாக்ல கிடையாதுன்னு மேஜைலயே எழுதி வெச்சிருக்கா. இவன் அதைப் படிச்சான். நன்னாப் படிச்சான். நிமிர்ந்து பார்த்து, 'சாயங்காலம் ரெடியாகிவிடும் சார்'ங்கறான். அதைச் சொல்லாம இருக்கானான்னு பார்க்கத்தான் அந்த டெஸ்டே. ஏண்டா அப்படிச் சொன்னேன்னு கேட்டா, 'வேற எதுவும் வாய்ல வரலைடா'ங்கறான்."

இப்படித்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

என்னிடமும் போனில் "எல்லாம் ஆகிவிடும் அனு" என்றீர்கள். நான் உங்கள் கஸ்டமரா அத்தான்?

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. நான் சொல்லப் போவதில்லை, நீங்கள்தான் சொல்ல வேண்டும். லிப்ட் இன்னும் கோயம்புத்தூரை விட்டுப் புறப்படவில்லை. இந்த வாரம் எழுதினால் ஆர்டரை நிறுத்தலாம், கம்பெனியிடம் தவணை கேட்கலாம். அப்பா கத்துவார். கத்திவிட்டு வழி பார்ப்பார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததுகூட உங்களுக்குத் தெரியாதா?

அனு


பூனா
22.10.97

அனுவுக்கு,

தீபாவளிக்கு வரப் பார்க்கிறேன். உனக்குப் புடவை எடுத்துவிட்டாயா? அம்மாவை எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல். ஈரத்தில் நிற்க விடாதே.

மாமாவுக்கு எழுத உட்கார்ந்தேன். "அன்புள்ள மாமாவுக்கு" என்பதற்குப் பிறகு பேனா நகரவில்லை. ரீடெஸ்ட் மாதக் கடைசியில் இருக்கிறது. இந்த முறை தப்பாது. நல்ல செய்தியோடு சேர்த்துப் பழையதையும் சொல்லிவிட்டால் அவருக்கும் வலிக்காது. அதுவரை நீ பொறுத்துக்கொள்.

வெங்கடேஷ்


தி.நகர்
19.11.97

வெங்கடேஷுக்கு,

வீட்டில் யாருக்கும் சுகமில்லை. உன் அம்மா படுத்திருக்கிறாள். கால்வலியால் அல்ல.

முந்தாநாள் கம்பெனி அதிகாரி கொட்டிவாக்கத்துக்கு வந்தார். நல்ல மழை. லிப்டைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், கஸ்டமர் அறையில் ஏ.சி.யைப் போட்டுப் பார்த்தார். எல்லாம் முதல் தரம் என்றார். "இவ்வளவு செலவு செய்திருக்கிறீர்கள், உங்கள் ஆள் இரண்டு முறையும் தேறவில்லையே, வேறு யாரை வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார். குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"என்னய்யா, உங்களுக்குத் தெரியாதா?" என்றார். "தெரியும்" என்றேன். அதுவும் பொய்தான்.

வீட்டுக்கு வந்து அனுப்ரியாவைக் கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "அவரே சொல்லட்டும்னு இருந்தேம்பா" என்கிறாள். என் வீட்டில் என் பணத்தைப் பற்றி எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது.

ஏஜென்சி போயிற்று. அடையாறு சங்கரனுக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அவரிடம் தேறிய ஆள் இருக்கிறது.

நீ தோற்றதற்கு நான் இதை எழுதவில்லை. தோற்காமல் எவன் வியாபாரம் செய்தான்? ஆகஸ்டில் நீ ஒரு வரி எழுதியிருந்தால் லிப்டும் இல்லை, பாங்குக் கடனும் இல்லை. ஷெட்டைக் கோடவுனாக விட்டிருப்பேன்.

இப்போது செய்ய வேண்டியதைக் கேள். மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டு வா. கம்பெனி பெயர் இல்லாவிட்டால் என்ன, நம் பெயரிலேயே ஒர்க்‌ஷாப் திறப்போம். நீ கவுண்டரில் உட்கார், நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறேன். பேசத் தெரியாவிட்டால் நான் பேசிக்கொள்கிறேன். என்றைக்கு ரயில் ஏறுகிறாய் என்று எழுது.

சண்முகவேல்


பூனா
3.12.97

மாமாவுக்கு வெங்கடேஷ்.

அம்மா எழுந்து நடமாடுகிறாளா என்று முதலில் தெரிய வேண்டும். நான் நன்றாக இல்லை. தூக்கம் கெட்டிருக்கிறது. இங்கே ஒரு சின்ன காரேஜில் வண்டி கழுவிச் சாப்பிடுகிறேன்.

இரண்டாம் முறை நடந்ததை எழுதிவிடுகிறேன். கஸ்டமராக ஒரு அம்மாள் வந்தார். பிரேக் பிடிக்கும்போது வண்டி இடது பக்கம் இழுக்கிறது என்றார். "இன்றைக்கே மலைப்பாதையில் குழந்தைகளோடு போக வேண்டும், பயப்படாமல் போகலாமா?" என்றார். கண்ணாடி முன்னால் நின்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்த பதில்தான். போகக் கூடாது, வண்டி இங்கேயே நிற்க வேண்டும் என்று சொன்னால் தீர்ந்தது. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தேன். "தாராளமா போகலாம் மேடம்" என்று சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அது நாடகம். நிஜமாக ஒரு தாய் அப்படி வந்திருந்தால்? நான் தூங்காமல் இருப்பது அதனால்தான்.

உங்களிடமும் அதையேதான் செய்தேன். நீங்கள் லிப்ட் வாங்கப்போவது தெரிந்தும் "வரும்" என்றேன். பயந்து மட்டும் செய்யவில்லை. உங்கள் முகம் வாடக் கூடாது என்றும் செய்தேன். அனுவிடமும் அப்படியே. என்னைக் கேட்டவர்கள் எல்லாரையும் அந்த ஒரு நிமிஷம் சந்தோஷமாக வைத்து அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் சொல்கிறபடி வர மாட்டேன் மாமா. உங்களை எதிர்த்துப் பேசுவதாக நினைத்தாலும் சரி. நீங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால், பிரேக் சரியாகிவிட்டதா என்று ஒருவர் கேட்கும்போது நான் வண்டியைப் பார்க்க மாட்டேன், உங்களைத்தான் பார்ப்பேன். சைலன்சர் நாளைக்கு வரும் என்பதில் ஒரு ஆள் வீணாக நடப்பான், அவ்வளவுதான். இதில் ஆள் செத்துப் போவான்.

ஜூனில் இன்னொரு முறை எழுத விடுவார்கள். ஏதாவது ஒரு டீலர் அனுப்ப வேண்டும். என்னை யாரும் அனுப்ப மாட்டார்கள் என்று தெரியும். அதனால் இங்கேயே இருக்கிறேன். அனு வர விரும்பினால் அனுப்புங்கள். அவள் விரும்பாவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம்.

வெங்கடேஷ்


தி.நகர்
9.1.98

வெங்கடேஷுக்கு மாமா எழுதுவது.

உன் அம்மா எழுந்து நடக்கிறாள். நேற்று கடைத்தெருவுக்குப் போய்வந்தாள். என் சுகத்தை நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். விடிந்தால் சட்டை போட்டுக்கொள்கிறேன், போவதற்கு இடமில்லை. பேப்பரைப் படித்துவிட்டுச் சட்டையைக் கழற்றி மாட்டுகிறேன். உன் அத்தை பார்த்தும் பார்க்காததுபோல் காபி வைத்துவிட்டுப் போகிறாள்.

உன் கடிதம் வந்து மாதம் ஒன்றுக்கு மேல் ஆகிறது. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். நீ எழுதியது தப்பு என்று எழுதினாலும் பொய். அனுப்ரியாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "கல்யாணம் ஆன நாளிலிருந்து அத்தான் சொன்ன முதல் உண்மைப்பா இது" என்றாள். பூனாவுக்கு வருவதற்கில்லை என்றும், நீ இங்கே வந்தால் சோறு போடுவேன் என்றும் எழுதச் சொன்னாள். அதற்கு மேல் இப்போது கேட்காதே என்றும் சொன்னாள்.

போன வாரம் சங்கரன் அந்த அச்யுத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். ஏஜென்சி அவருக்குக் கிடைத்துவிட்டது. அடையாற்றில் இடம் போதவில்லை, கொட்டிவாக்கம் ஷெட்டைக் கேட்டார். எனக்கும் பாங்கு வாசலில் நிற்கிறது. பேசினோம்.

"நான் பொய் சொல்றதில்லை சண்முகவேல். இந்த இடம் இருபத்தஞ்சாயிரம் வாடகை பெறும். நீங்க கேளுங்கோ, தரேன்" என்றார்.

எனக்கு வேறொரு பேச்சு இருக்கிறது என்று உன்னைப் பற்றிச் சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்தார். "பிரேக் இழுக்கற வண்டியைப் போகலாம்னு அனுப்பினவனையா?" என்றார். அச்யுத்துதான் குறுக்கிட்டு அவரிடம், "மாமா, அவனுக்குத் தெரியாம சொல்லலை. தெரிஞ்சவனைத் திருத்திடலாம்" என்றான். வெகுநேரம் இழுத்தது. என் வாழ்நாளில் வாடகையைக் குறைத்துக்கொள்ள நானே பேரம் பேசியது இதுதான் முதல் தடவை.

முடிந்ததை எழுதுகிறேன். பொங்கல் கழித்து வந்துவிடு. வர முடியாது என்றால் அதையும் உடனே, தெளிவாக எழுது.

ஐந்து வருஷத்துக்குப் பத்திரம். முன்பணம் ஆறு மாதம். லிப்டும் ஏ.சி.யும் ஷெட்டோடு சேர்த்தி. உன்னைக் கழுவுகிற மேடைக்கு எடுத்துக்கொள்வார்கள். கஸ்டமர் முன்னால் நீ நிற்கக் கூடாது. ஜூனில் அவர்கள் செலவில் பரீட்சைக்கு அனுப்புவார்கள், தேறினால் கவுண்டர், தேறாவிட்டால் மேடையே. அதற்குப் பதிலாக இரண்டு விட்டுக்கொடுத்தேன். வாடகை பதினெட்டாயிரம். ஐந்து வருஷமும் நான் அந்த கேட்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்பது இன்னொன்று. அதை அவர் கேட்கவில்லை, நானாக எழுதச் சொன்னேன். மாதம் ஐந்தாம் தேதிக்குள் அச்யுத் தி.நகருக்கு வந்து வாடகையைக் கொடுத்துவிட்டுப் போவான்.

சண்முகவேல்